கொன்றையைப் பறிக்காமல் வீட்டுக்குக் கொண்டுவருவது எப்படி?

சித்திரை பிறக்க இன்னும் ஒரு வாரம் இருக்கும். நெடுஞ்சாலை ஓரத்தில் இலைகளை உதிர்த்துவிட்டு, சரம் சரமாக மஞ்சள் பூவைத் தொங்கவிட்டபடி நிற்கிறது ஒரு கொன்றை மரம். அதைக் கண்டும் காரை நிறுத்தாமல் போகிற குடும்பங்கள் குறைவு. அப்பா செல்போனை எடுப்பார். பிள்ளை மரத்தடியில் போய் நிற்கும். “அந்தக் கிளையைக் கொஞ்சம் வளைச்சுப் பிடிம்மா” என்பார் அம்மா. கிளை முறியும். கையோடு வந்த பூங்கொத்து காரின் முன்பக்கக் கண்ணாடி ஓரத்தில் ஏறும். அடுத்த ஊர் வருவதற்குள் துவண்டுவிடும்.

வீட்டுக்கு வந்து படத்தைப் பார்த்தால், மஞ்சள் சாயம் கொட்டியதுபோல ஒரு திட்டு. அதற்கு முன்னால், வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கும் பிள்ளை. பூவும் போச்சு, படமும் போச்சு!

இரண்டையும் காப்பாற்ற முடியும். அதற்கு லட்ச ரூபாய் கேமரா தேவையில்லை. ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை என்பார்களே... கையில் இருக்கும் செல்போனே போதும். தேவைப்படுவது கொஞ்சம் பொறுமை, கொஞ்சம் ஒளி பற்றிய அறிவு, அதோடு பூவைப் பற்றிய அக்கறை.

எந்த மாதம் எந்தப் பூ?

வசந்தம் என்றால் ஜப்பானின் செர்ரி மரங்கள்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். நம் ஊரிலும் வசந்தம் உண்டு. அதற்குத் தமிழர்கள் வைத்த பெயர் இளவேனில். சித்திரையும் வைகாசியும் அதன் மாதங்கள். ஆனால், மரங்கள் பஞ்சாங்கம் பார்ப்பதில்லை. பொங்கல் முடிந்ததுமே ஒவ்வொன்றாக ஆரம்பித்துவிடும்.

தை, மாசியில் முள்ளிலவு மரம் கிண்ணம்போன்ற சிவப்புப் பூக்களோடு நிற்கும். வேலியோரக் கல்யாண முருங்கையும் அப்போதுதான் சிவக்கும். மாசி, பங்குனியில் புரசு. பலாசம் என்றும் சொல்வார்கள். கிளிமூக்கு வடிவத்தில் ஆரஞ்சு நிறப் பூக்கள் கிளையெல்லாம் அடைந்து, தூரத்திலிருந்து பார்த்தால் காடே தீப்பிடித்ததுபோல இருக்கும். பாறைக் குன்றுகளில் இலையே இல்லாத கோங்கு மரம் மஞ்சள் பூவோடு நிற்பதும் இதே சமயத்தில்தான்.

பங்குனியில் புங்கையும் வேம்பும். சித்திரை, வைகாசியில் கொன்றை, வாகை. மழையையும் ஊரையும் பொறுத்து இரண்டு மூன்று வாரம் முன்பின் ஆகலாம். ஊட்டி, குன்னூர், கோத்தகிரி சாலைகளில் ஜகரண்டா மரங்கள் ஊதாநிறத்தில் பூப்பதும் இந்தக் கோடையில்தான். ஆனால், அது தென் அமெரிக்காவிலிருந்து வந்த மரம்.

வெயில் கொளுத்தும்போது மரங்கள் ஏன் பூக்கின்றன? காரணம் எளிது. இலை உதிர்ந்த மரத்தில் பூ தூரத்திலிருந்தே தெரியும். வண்டுக்கும் தேனீக்கும் பறவைக்கும் வழி தேட வேண்டியதில்லை. பல மரங்களில், காய் முற்றி விதை விழும் நேரம் மழைக்காலத்தோடு சேர்ந்துகொள்ளும். செடி கொடிகளின் கணக்கு வேறு. தும்பை, விஷ்ணுகிராந்தி போன்ற சின்னச் செடிகள் பெரும்பாலும் மழைக்குப் பிறகுதான் செழித்துப் பூக்கும். கோடை மழை ஒன்று பெய்துவிட்டால், அதற்கடுத்த வாரங்களில் தரையையும் பார்த்து நடப்பது நல்லது.

வெயில் ஏறுவதற்குள் வேலையை முடியுங்கள்

பூவைப் படம் எடுக்க நல்ல நேரம் காலை 6 மணியிலிருந்து 8.30 மணி வரை. மாலையில் 4.30-க்கு மேல். மற்ற நேரத்தில், உச்சி வெயில் பூவின் மேல்பக்கத்தை வெளுக்கடித்து, அடிப்பக்கத்தைக் கறுப்பாக்கிவிடும். காலை நேரத்துக்கு இன்னொரு நன்மையும் உண்டு. காற்று அடங்கியிருக்கும். பூ ஆடாமல் நின்றால் படம் கலங்காது.

சில பூக்களுக்கு நேரம் இன்னும் கறார். விஷ்ணுகிராந்தியின் சின்ன நீலப் பூ காலையில் விரிந்து, நடுப்பகலுக்குள் சுருங்கிவிடும். வெள்ளை அல்லி சாயங்காலம் விரிந்து, மறுநாள் வெயில் ஏறியதும் கூம்பிவிடும். தாமரையோ பகலில்தான் விரியும். இலுப்பைப் பூ இரவில் மலர்ந்து விடியும் முன்பே தரையில் உதிர்ந்துகிடக்கும். எட்டு மணிக்கு எழுந்து போனால், கிடைப்பது காலியான மரம்தான்.

பூவரசம்பூ ஒரு நல்ல பாடம். காலையில் எலுமிச்சை மஞ்சளாக, நடுவில் கருஞ்சிவப்புப் பொட்டோடு விரியும். பொழுது சாயச் சாய நிறம் மாறி, கடைசியில் செம்ஊதாவாகி உதிரும். ஒரே பூவைக் காலையிலும் மாலையிலும் மறுநாளும் ஒரே இடத்தில் நின்று எடுத்தால், மூன்று படங்களே ஒரு கதையைச் சொல்லிவிடும். பூவரசு இலையில் பீப்பி ஊதத் தெரிந்த தாத்தா வீட்டில் இருந்தால், நான்காவது படமாக அவரையும் எடுத்துக்கொள்ளலாம்!

வெயிலில்தான் எடுத்தாக வேண்டும் என்றால், ஒரு வெள்ளைத் துண்டையோ வேட்டியின் ஓரத்தையோ பூவுக்கும் சூரியனுக்கும் நடுவில் பிடிக்கச் சொல்லுங்கள். வெளிச்சம் வடிகட்டி வந்ததுபோல மென்மையாகிவிடும். நிழல் பக்கம் இருட்டாக இருந்தால், ஒரு வெள்ளைத் தாளை அந்தப் பக்கம் நீட்டினால் போதும். தாளில் பட்டுத் திரும்பும் ஒளி பூவை எடுத்துக்காட்டும். இந்த உதவியாளர் வேலை பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும்.

மஞ்சள் ஏன் திட்டாகிறது?

கொன்றை படம் கெட்டுப்போவதற்குக் காரணம் கேமரா அல்ல. கேமரா போடும் கணக்கு. சுற்றிலும் கரும்பச்சையோ நிழலோ இருந்தால், செல்போன் மொத்தக் காட்சியையும் வெளிச்சமாக்கப் பார்க்கும். ஏற்கெனவே பளிச்சென்று இருக்கும் மஞ்சள், அந்த வெளிச்சத்தில் வெளுத்து, இதழ் விவரங்கள் எல்லாம் அழிந்துவிடும். கல்யாண முருங்கை, புரசு போன்ற சிவப்புப் பூக்களிலும் இதே சிக்கல்தான்.

தீர்வு மிகவும் எளிது. திரையில் பூவின் மீது விரலால் தொடுங்கள். ஃபோகஸ் அங்கே நிற்கும். பக்கத்தில் சூரியன் போன்ற ஒரு குறியோ ஒரு கோடோ தோன்றும். அதைக் கீழே இழுத்தால் படம் கொஞ்சம் இருட்டாகும். இதழின் நரம்புகள் தெரியத் தொடங்கும் இடத்தில் நிறுத்தி, படத்தை எடுங்கள். பெரும்பாலான செல்போன்களில், அதே இடத்தில் விரலை அழுத்திப் பிடித்தால் ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும். பிறகு காற்றில் பூ லேசாக ஆடினாலும் கேமரா குழம்பாது.

விவரம் தெரிந்தால் என்ன பார்க்கலாம்? கொன்றைப் பூவுக்குள் பத்து மகரந்தத் தாள்கள் உண்டு. அவற்றில் மூன்று மட்டும் நீளமாக வளைந்து, தூண்டில் முள்போல வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மரத்தடியில் நின்று முழு மரத்தை எடுப்பவர்கள் இதைப் பார்த்ததே இருக்காது. ஒரே ஒரு சரத்தை, அதிலும் நுனியில் மொட்டும் நடுவில் அரும்பும் மேலே விரிந்த பூவுமாக இருக்கும் பகுதியை நெருங்கி எடுத்தால், ஒரு பூ பிறப்பது முதல் விரிவது வரை ஒரே படத்தில் வந்துவிடும்.

கிளை உயரத்தில் இருக்கிறதா? வளைக்க வேண்டாம். போனில் 2 மடங்கு, 3 மடங்கு ஜூம் செய்ய தனி லென்ஸ் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். அதற்கு மேல் விரலால் இழுத்துப் பெரிதாக்கினால் படம் புள்ளி புள்ளியாகிவிடும். வேறு வழியும் உண்டு. மரத்தடியில் பாருங்கள். உதிர்ந்த பூ மஞ்சள் பாய் விரித்ததுபோலக் கிடக்கும். புங்கை மரத்தடி என்றால், பொரி கொட்டியதுபோல இருக்கும். தரையோடு தரையாகப் போனை வைத்து எடுத்தால், மரத்தை எடுத்ததைவிடப் பல நேரம் நல்ல படம் அங்கேதான் கிடைக்கும்.

வேப்பமரத்தடியும் அப்படித்தான். வருடப் பிறப்புப் பச்சடிக்கும் ரசத்துக்கும் பூ சேகரிக்க, மரத்தடியைப் பெருக்கிப் பழைய வேட்டியையோ புடவையையோ விரித்து வைக்கும் வழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. வெள்ளைத் துணியில் சிறு நட்சத்திரங்களாக விழுந்து கிடக்கும் வேப்பம்பூ, அதை அள்ளும் கை... இதைவிட நல்ல இளவேனில் படம் வேறு என்ன இருக்க முடியும்?

குனிந்தவருக்கே கிடைக்கும் பூக்கள்

வயல் வரப்பு, குளக்கரை, ரயில் பாதை ஓரம், கோயில் பின்புறம்... காட்டுப்பூக்கள் இருக்குமிடம் இவைதான். தும்பை, நெருஞ்சி, கொவ்வை, கிலுகிலுப்பை, எருக்கு, ஆவாரை, வேலியில் படரும் சங்குப்பூ. பலவும் விரல் நகத்தைவிடச் சிறியவை. நின்றபடி மேலிருந்து எடுத்தால், மண்ணும் புல்லும்தான் படத்தில் இருக்கும்.

செய்ய வேண்டியது, பூவின் உயரத்துக்கு இறங்குவது. மண்டி போடலாம், உட்காரலாம். ஒரு துண்டை விரித்துப் படுத்தாலும் தப்பில்லை. போனைத் தலைகீழாகப் பிடித்தால் லென்ஸ் தரைக்கு இன்னும் அருகில் வரும். பூவுக்குப் பின்னால் தூரத்து வயலோ வானமோ இருக்கும்படி கோணத்தை மாற்றினால், பின்னணி மங்கி, பூ மட்டும் தனித்து நிற்கும்.

பல போன்களில் மேக்ரோ என்று ஒரு வசதி இருக்கிறது. சில சென்டிமீட்டர் தூரம் வரை நெருங்கி எடுக்கலாம். விலை குறைந்த போன்களில் மேக்ரோவுக்கென்றே வைத்திருக்கும் 2 மெகாபிக்சல் லென்ஸ் பெரும்பாலும் ஏமாற்றிவிடும். அதற்குப் பதில், முதன்மை கேமராவில் ஓர் அடி தூரத்திலிருந்து எடுத்து, பிறகு தேவையான பகுதியை மட்டும் வெட்டிக்கொள்வது மேல். பின்னணியை மங்கலாக்கும் போர்ட்ரெய்ட் வசதி, ஆட்களுக்கென்று செய்யப்பட்டது. மெல்லிய இதழ் ஓரங்களையும் சேர்த்து அழித்துவிடும். பூக்களுக்கு அது வேண்டாம்.

இன்னும் மூன்று சின்ன விஷயங்கள். எடுப்பதற்கு முன் லென்ஸை மெல்லிய பருத்தித் துணியால் துடையுங்கள். பாதிப் படங்கள் மங்குவதற்குக் கைரேகைதான் காரணம். ஒரே படத்தோடு நிறுத்தாமல், காற்று நின்ற நொடியில் ஐந்தாறு படங்களைத் தொடர்ச்சியாக எடுத்து நல்லதை வைத்துக்கொள்ளுங்கள். போனை வெயிலில் நீட்டியபடியே அரை மணி நேரம் நிற்காதீர்கள். சூடேறிவிட்டால் கேமரா தானாகவே நின்றுவிடும்.

விருந்தாளி வரும்வரை காத்திருங்கள்

பூ மட்டும் இருக்கும் படம் அழகு. பூவோடு ஒரு உயிரும் இருந்தால், அது செய்தி. எருக்கஞ்செடி அருகே பத்து நிமிடம் உட்கார்ந்தால் போதும். கறுப்பான பெரிய தச்சுத் தேனீ ரீங்காரத்தோடு வந்து இறங்கும். எருக்குக்கு மகரந்தச் சேர்க்கை செய்வதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. அதே செடியின் இலையைத் திருப்பிப் பார்த்தால், கறுப்பு, வெள்ளை, மஞ்சள் வரிகளோடு ஒரு புழு இருக்கலாம். ஆரஞ்சு நிற வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியின் பிள்ளை அது. எருக்கம்பால் அதன் உடம்பில் சேர்ந்து, பறவைகளுக்குக் கசப்பாகிவிடும். அதனால் அதைத் தின்ன வருவோர் குறைவு.

புரசும் முள்ளிலவும் பூத்தால், மைனா, கரிச்சான், தேன்சிட்டு என்று கிளையே சந்தைபோல் ஆகிவிடும். மரத்துக்குச் சற்றுத் தள்ளி, அசையாமல் நின்றால் போதும். விரட்டிப் பிடிக்கிற படம் இது இல்லை, காத்திருந்து வாங்குகிற படம்.

எச்சரிக்கையும் வேண்டும். எருக்கம்பால் கண்ணில் பட்டால் பார்வையையே பாதிக்கும். அரளி, செங்காந்தள் இரண்டும் விஷம். பிள்ளைகள் வாயில் வைத்துவிடக் கூடாது. பார்த்தீனியம் மண்டிய இடத்தில் நெடுநேரம் நின்றால் சிலருக்குத் தோல் அரிப்பும் மூச்சுத் திணறலும் வரும். புதருக்குள் கையை விடுவதற்கு முன் ஒரு குச்சியால் தட்டிப் பார்ப்பதும், செருப்புக்குப் பதில் ஷூ போடுவதும் பாம்புக்கும் நல்லது, மனிதருக்கும் நல்லது.

அழகாக இருப்பதெல்லாம் நம்முடையதல்ல

படம் எடுக்கப் போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய சங்கடமான உண்மை ஒன்று இருக்கிறது. அதிக ‘லைக்’ வாங்கும் காட்டுப்பூப் படங்கள் பலவற்றில் இருப்பவை, நம் காட்டை விழுங்கிக்கொண்டிருக்கும் செடிகள்.

மஞ்சளும் ஆரஞ்சும் இளஞ்சிவப்பும் கலந்து, ஒரே கொத்தில் பல நிறம் காட்டும் உண்ணிச்செடி அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்தது. 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அலங்காரச் செடியாக இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. இன்று மேற்குத் தொடர்ச்சி மலையின் பெரும் பரப்பில் புல்லும் சிறுசெடிகளும் முளைக்க விடாமல் மண்டிக்கிடக்கிறது. மேய்ச்சல் குறைவதால் மானும் யானையும் பாதிக்கப்படுகின்றன. குளம் முழுக்க ஊதாப்பூவோடு மிதக்கும் ஆகாயத்தாமரையும், ஏரிக்கரையில் வெளிர் ஊதாக் குழல்களாகப் பூக்கும் நெய்வேலிக் காட்டாமணக்கும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவையே. முதுமலை, சத்தியமங்கலம் காடுகளில் பொன்மழை பெய்ததுபோல நிற்கும் ஒருவகை மஞ்சள்கொன்றையைப் பலர் நம் சரக்கொன்றை என்று நினைத்துப் படம் எடுக்கிறார்கள். அதுவும் அயல் மரம். அதை அகற்றத்தான் வனத்துறை போராடிக்கொண்டிருக்கிறது.

வித்தியாசம் கண்டுபிடிப்பது கடினமில்லை. சரக்கொன்றையின் பூச்சரம் கீழ்நோக்கித் தொங்கும்; அந்த அயல் கொன்றையின் பூங்கொத்து கிளை நுனியில் மேல்நோக்கி நிமிர்ந்து நிற்கும். சரக்கொன்றைக் காய் உருண்டு நீண்டு, கறுத்த உலக்கைபோல இருக்கும்.

அதற்காக இவற்றைப் படம் எடுக்கவே கூடாது என்பதில்லை. எடுத்தால் உண்மையையும் சேர்த்துச் சொல்லலாம். ஆகாயத்தாமரை படத்தின் அடியில் “எங்கள் ஊர் ஏரியில் தண்ணீர் தெரியவில்லை” என்று ஒரு வரி எழுதினால், அது ஸ்டேட்டஸ் மட்டுமல்ல, ஊராட்சிக்குக் கொடுக்கும் மனுவும் ஆகும். நீலகிரியில் கூடலூர் பகுதிப் பழங்குடிக் கலைஞர்கள், வெட்டி அகற்றிய உண்ணிச்செடித் தண்டுகளைக் கொண்டு நிஜ யானை அளவுக்கே யானைகளைச் செய்தார்கள். அவை 2021-ல் லண்டன் பூங்காக்களில் நின்றன. களையிலிருந்தும் கலை பிறக்கும்.

பாட்டியை அழைத்துப் போங்கள்

படம் எடுத்தாகிவிட்டது. பூவின் பெயர் என்ன?

செல்போனிலேயே பதில் தேடும் வசதிகள் வந்துவிட்டன. கூகுள் லென்ஸ் ஒரு பெயரைச் சொல்லும். சில நேரம் தவறாகவும் சொல்லும். ஐ-நேச்சுரலிஸ்ட், இந்தியா பயோடைவர்சிட்டி போர்ட்டல் போன்ற தளங்களில் படத்தைப் போட்டால், தாவரம் தெரிந்தவர்கள் பார்த்துப் பெயரை உறுதிசெய்வார்கள். அவர்களுக்கு ஒரே படம் போதாது. பூவின் முன்பக்கம், பக்கவாட்டு, இலையின் மேல்புறமும் அடிப்புறமும், முழுச்செடி, காய் இருந்தால் காய் என்று ஐந்தாறு படங்கள் வேண்டும். அளவு தெரிய, பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து எடுங்கள். நிறத்தைக் கூட்டும் ஃபில்டர் வேண்டவே வேண்டாம். நிறம் மாறினால் பூவே வேறாகிவிடும்.

ஆனால், எந்தச் செயலியிலும் முழுதாகக் கிடைக்காத ஒரு பெயர்ப் பட்டியல், ஊரில் இருக்கும் பாட்டிகளிடம் இருக்கிறது. வரப்பில் வெள்ளை இதழும் மஞ்சள் நடுவுமாக, மெல்லிய காம்பில் தலையாட்டும் ஒரு பூ. சிறுவர்கள் காம்பைப் பிடித்துத் தலையைச் சுண்டிவிட்டு விளையாடுவதால் அது தாத்தா பூ. காயத்தில் சாறு பிழிவதால் வெட்டுக்காயப் பூண்டு. கிணற்றடியில் வளர்வதால் கிணற்றுப்பாசான். மூக்குத்திபோல இருப்பதால் மூக்குத்திப் பூ. இத்தனைக்கும் அது மத்திய அமெரிக்காவிலிருந்து வந்த செடி! வந்த இடத்தில் இத்தனை பெயர் வாங்கும் அளவுக்கு, நம் மக்கள் தரையைப் பார்த்து நடந்திருக்கிறார்கள்.

குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களை வரிசையாகப் பெயர் சொல்லி அடுக்கியிருக்கிறார். இன்று ஒரு பள்ளி மாணவரிடம் காட்டுப்பூ பத்து சொல்லச் சொன்னால், ஐந்தாவதிலேயே ரோஜா வந்துவிடும். பூ அழிவதற்கு முன்பே பெயர் அழிகிறது. பெயர் இல்லாத செடியைக் களைக்கொல்லி அடித்து எரிப்பதும், சாலையை அகலப்படுத்த வெட்டுவதும் மிகச் சுலபம். யாரும் எதையும் இழந்ததாக உணர மாட்டார்கள்.

ஆகவே, அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது பாட்டியோடு, அப்பத்தாவோடு, அம்மாச்சியோடு ஒரு காலை நடை போங்கள். நீங்கள் பூவைக் காட்டுங்கள். அவர்கள் பெயரைச் சொல்லட்டும். போனில் வீடியோவை ஓடவிடுங்கள். “இது எங்க ஊர்ல இப்படிச் சொல்வாங்க, இதை அரைச்சுப் போட்டா வீக்கம் வத்தும், இது மாடு தின்னாது” என்று அவர்கள் சொல்லிக்கொண்டே வருவது, குடும்பத்துக்குக் கிடைக்கும் சொத்து. சாப்பிடும் மருந்தாகப் பயன்படுத்துவதற்கு முன் மருத்துவரைக் கேட்க வேண்டும் என்பது தனி விஷயம்.

படத்துக்காகப் பூவைக் கொல்லாதீர்கள்

மூணாறு, கொடைக்கானல் பக்கத்து மலைகளில் 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி, 2006-லும் 2018-லும் பூத்தது. அடுத்து 2030-ல் எதிர்பார்க்கலாம். இந்தச் செடி வாழ்நாளில் ஒருமுறைதான் பூக்கும். பூத்து, விதை உதிர்த்ததும் மடிந்துவிடும். அந்த விதையிலிருந்து வளரும் செடிதான் மறுபடி 12 ஆண்டு காத்திருந்து பூக்க வேண்டும். ஒரு செல்ஃபிக்காகச் செடியை மிதித்தாலும், கொத்தாகப் பறித்துத் தலையில் வைத்தாலும், அழிவது ஒரு பூ மட்டுமல்ல, அதன் வாரிசும்தான். காப்புக்காடுகளிலும் சரணாலயங்களிலும் அனுமதி இல்லாமல் நுழைவதும், செடி கொடியைப் பறிப்பதும் சட்டப்படி குற்றம்.

குறிஞ்சிக்கு மட்டுமல்ல, எல்லாப் பூவுக்கும் பொருந்தும் சில நடைமுறைகள் உண்டு. ஏற்கெனவே இருக்கும் பாதையை விட்டு இறங்காதீர்கள். ஒரு பூவை எடுக்க, பக்கத்தில் இருக்கும் செடிகளைப் பிடுங்கி இடம் பண்ணாதீர்கள். குறுக்கே ஒரு புல் இருந்தால் மெதுவாக ஒதுக்கிப் பிடித்துவிட்டு, பிறகு விட்டுவிடுங்கள். தோட்டம், வயல் என்றால் உரிமையாளரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். எள்ளும் சூரியகாந்தியும் படத்துக்கு அழகுதான். ஆனால், அதில் இறங்கி மிதிப்பது ஒருவருடைய விளைச்சலை.

கோயில்காடுகளுக்குப் போகிறவர்கள் இன்னும் பணிவாக நடந்துகொள்ள வேண்டும். புதுக்கோட்டை வட்டாரத்தில் இப்படிப்பட்ட காடுகள் பல இருக்கின்றன. மதுரை அருகே அரிட்டாபட்டி 2022-ல் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அடுத்து, திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டியின் வீரகோயில் காட்டுக்கு அந்தச் சிறப்பு கிடைத்தது. சாமிக்குப் பயந்து ஊர்மக்கள் ஒரு சுள்ளியைக்கூட எடுக்காமல் விட்டதால்தான் இந்தக் காடுகள் மிஞ்சின. செருப்பைக் கழற்றச் சொன்னால் கழற்றுங்கள். படம் எடுக்கக் கூடாது என்றால் கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள்.

கடைசியாக, இடத்தின் பெயர். சாலையோரக் கொன்றை எங்கே நிற்கிறது என்று சொல்வதில் தவறில்லை. ஆனால், காட்டுக்குள் ஓர் அரிய ஆர்க்கிட் கண்ணில் பட்டால், அதன் இடத்தை சமூக வலைதளத்தில் போடாதீர்கள். தோண்டி எடுத்து விற்பவர்களும் அதே படத்தைப் பார்ப்பார்கள். கேமரா அமைப்பில் இருப்பிடத்தைப் பதிவுசெய்யும் வசதியை அணைத்துவிட்டால், படத்தோடு ஊர் ஒட்டிக்கொண்டு போகாது.

ஒரு மரம், ஒரு குடும்பம்

நிறைய ஊர் சுற்ற முடியாதவர்களுக்கு ஒரு யோசனை. வீட்டருகே ஒரு மரத்தைத் தேர்ந்தெடுங்கள். வேம்போ, புங்கையோ, கொன்றையோ, எதுவாக இருந்தாலும் சரி. வாரம் ஒருமுறை, ஒரே இடத்தில் நின்று ஒரு படம். இலை உதிர்ந்தது எப்போது, முதல் அரும்பு எப்போது, முழுதாகப் பூத்தது எப்போது, காய் வந்தது எப்போது... தேதி தானாகவே போனில் பதிவாகிவிடும்.

இது விளையாட்டாகத் தோன்றினாலும் அறிவியலுக்குப் பயன்படும். சீசன்வாட்ச் என்ற திட்டத்தில் இந்தியா முழுக்கப் பள்ளிப் பிள்ளைகளும் பொதுமக்களும் இப்படித்தான் மரங்களை வாராவாரம் பார்த்துப் பதிவுசெய்கிறார்கள். கேரளத்தில் சித்திரை விஷுவுக்குக் கணி வைக்க வேண்டிய கொன்றை, அதற்குப் பல வாரம் முன்பே பூத்து உதிர்ந்துவிடுவதை இத்தகைய பதிவுகள் காட்டின. வெயிலும் மழையும் மாறுவதை மரம் முதலில் சொல்கிறது. அதைக் கேட்க, ஆண்டுக்கணக்கில் ஒரே மரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் கண்கள் வேண்டும். அது ஒரு ஐந்தாம் வகுப்புப் பிள்ளையின் கண்களாகவும் இருக்கலாம்.

மீண்டும் அந்த நெடுஞ்சாலைக் கொன்றைக்கு வருவோம். கார் நிற்கட்டும். பிள்ளை மரத்தடியில் போய் உட்காரட்டும். கிளையை வளைக்க வேண்டாம். உதிர்ந்து கிடப்பதில் நல்லதாக ஒரு பூவை எடுத்து அதன் உள்ளங்கையில் வையுங்கள். முகத்தின் பக்கம் நிழல் இருக்கட்டும்; பூவைத் தொட்டு ஃபோகஸ் செய்து, வெளிச்சத்தைக் கொஞ்சம் குறையுங்கள். வளைந்த மூன்று தாள்களும் தெரிகின்றனவா? பிள்ளை அதைப் பார்த்துவிட்டு நிமிர்ந்து ஏதோ கேட்கப் போகும் அந்த நொடியில் படத்தை எடுங்கள்.

பூ மரத்திலேயே இருக்கும். அடுத்த ஆண்டும் அதே இடத்தில், அதே பிள்ளையை ஓரிரு அங்குலம் கூடிய உயரத்தோடு படம் எடுக்கலாம்.